புலி முதல் காக்கை வரை: சிங்கப்பூரில் தொல்லையுயிர்களும் துப்பாக்கியும்

மனிதர் ஓரிடத்தில் குடியேறுங்கால் தனித்துக் குடியேறுவதில்லை. அவர்தம் பயிரும் கால்நடையும் உடன் வருகின்றன. அவற்றை நாடி எலியும் பறவையும் விலங்கும் வந்து சேருகின்றன. வந்தவற்றுள் தமக்குப் பயன்படுவனவற்றை வளர்ப்புயிர் என்றும், இடையூறு செய்வனவற்றைத் தொல்லையுயிர் என்றும் மனிதர் பிரித்துப் பெயரிட்டனர். தொல்லையுயிர் என்று பெயரிட்டபின் அதனை ஒழிக்கக் கருவி தேடினர். பொறி, வலை, நஞ்சு, துப்பாக்கி என அக்கருவிகள் பலவாயின.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கொல்லையில் எலியும் புறாவும் பெருகினால், குறைந்த விலையில் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சிங்கப்பூரில் அவ்வழக்கம் இல்லை. இங்கே ஒரு குடும்பத் தலைவர் அத்தகைய துப்பாக்கியைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது. இந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது? துப்பாக்கி இல்லாத ஊரில் தொல்லையுயிர்கள் எவ்வாறு அடக்கப்படுகின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண, இத்தீவின் இருநூற்றாண்டு வரலாற்றைச் சற்றே திரும்பி நோக்குதல் வேண்டும்.

புலியும் பரிசுப் பணமும்

1819ஆம் ஆண்டில் ராபிள்ஸ் இத்தீவில் வணிக நிலையம் அமைத்தபின் உட்பகுதிக் காடுகள் விரைவாக அழிக்கப்பட்டன. சீனக் குடியேறிகள் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்சிச் சாறு எடுக்க மிகுதியான விறகு தேவைப்பட்டது. ஆகவே தோட்டத்திற்காக ஒரு பங்கு காடும், அடுப்பிற்காக மற்றொரு பங்கு காடும் வீழ்ந்தன. மண்ணின் வளம் குன்றியதும் தோட்டக்காரர் அவ்விடத்தைக் கைவிட்டு மேலும் உள்ளே சென்றனர். கைவிடப்பட்ட நிலத்தில் லாலாங் புல் ஆளுயரத்திற்கு வளர்ந்தது. ஜொகூர் நீரிணையை நீந்திக் கடக்கவல்ல புலிக்கு அப்புல்வெளி நல்ல மறைவிடமாயிற்று. காட்டின் ஓரத்தில் தனித்து உழைத்த தோட்டத் தொழிலாளர் அதற்கு எளிய இரையாயினர்.

1831ஆம் ஆண்டிலேயே புலியால் நேர்ந்த மரணம் பற்றிய செய்தி வெளிவந்தது. 1835ஆம் ஆண்டில், பொதுப்பணிகளின் கண்காணிப்பாளராக இருந்த கட்டடக் கலைஞர் கோல்மன் புதிய சாலை ஒன்றிற்காக நிலம் அளந்துகொண்டிருந்தபோது புதரிலிருந்து புலி பாய்ந்தது; அளவைக் கருவி தூக்கி எறியப்பட்டது; உயிர்ச்சேதம் ஏதுமில்லை. பின்னாளில் ஜெர்மானிய ஓவியர் லாய்டமன் இந்நிகழ்ச்சியை ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியத்தில் கோல்மனைச் சூழ்ந்து நிற்பவர் இந்தியக் கைதிகள் என்பதைத் தமிழ் மாணாக்கர் கருத்திற் கொள்ளுதல் தகும்.

1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் இந்நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் உருவாக்கினர். புனித ஆண்ட்ரூஸ் தேவாலயமும் ஆளுநர் மாளிகையும் அவர்தம் உழைப்பின் சான்றுகள். புலித் தொல்லை மிகுந்தபோது அவர்களுள் சிலருக்குப் பழைய துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டுப் புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டனர் என்று, கைதிகளின் பொறுப்பாளராக இருந்த மெக்நேயர் 1899இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. தண்டனை பெற்றவர் கையிலேயே அரசு துப்பாக்கியை நம்பி ஒப்படைத்தது என்பது வியப்பிற்குரிய செய்தி.

அரசாங்கம் புலித் தலைக்குப் பரிசு அறிவித்தது. தொடக்கத்தில் சிறிதாக இருந்த தொகை பின்னர் நூறு டாலர் வரை உயர்ந்தது. அக்காலக் கூலியாளுக்கு அஃது எண்ணிப் பார்க்கவியலாத பெருந்தொகை. எனினும் பரிசினால் மட்டும் புலி ஒழிந்துவிடவில்லை. 1854இல் இங்கு வந்த இயற்கை ஆய்வாளர் வாலஸ், நாளொன்றுக்கு ஒரு மனிதர் என்ற கணக்கில் புலிக்கு இரையாவதாகக் கூறப்பட்டதை எழுதிவைத்துள்ளார். காடு சுருங்கி, காம்பியர்த் தோட்டங்கள் ஜொகூருக்கு இடம்பெயர்ந்து, ஊர் பெருகிய பின்னரே புலி அருகிற்று.

1902ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், காட்சிக்கூடத்திலிருந்து தப்பிய புலி ஒன்று ராபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அதனைச் சுட்டு வீழ்த்தியவர் ராபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைவரான பிலிப்ஸ். பள்ளித் தலைவர் ஒருவர் துப்பாக்கி ஏந்தி வந்து ஊருக்கு உதவினார் என்றால், அக்காலத்தில் ஐரோப்பியர் இல்லங்களில் துப்பாக்கி எத்துணை இயல்பான பொருளாக இருந்தது என்பது விளங்கும். 1930ஆம் ஆண்டில் சுவா சூ காங் பகுதியில் இத்தீவின் கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டது. புலிக்கதை அத்துடன் முடிந்தது.

காக்கை வந்த வழி

புலி தானே நீந்தி வந்தது. காக்கையோ மனிதரால் கொண்டுவரப்பட்டது. மலாயாவின் சிலாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்கள் மிகுந்திருந்தன. காப்பிச் செடியைக் கம்பளிப்புழுக்கள் தின்று அழித்தன. புழுவைத் தின்னும் பறவை வேண்டும் என்று கருதிய தோட்டத் துரைமார், 1903ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலிருந்து ஊர்க்காக்கைகளைக் கப்பலில் வருவித்துக் கிள்ளான் வட்டாரத்தில் விட்டனர். பூச்சியைக் கொல்ல நஞ்சைக் காட்டிலும் பறவை நல்லது என்னும் அவர்தம் எண்ணம் அன்று பாராட்டப்பட்டது.

ஆனால் காப்பியின் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காப்பி மறைந்தது, காக்கை நிலைத்தது. புழுவைத் தேடிச் செல்லவேண்டிய தேவை ஊர்க்காக்கைக்கு என்றும் இருந்ததில்லை. மனிதர் உண்ட மிச்சமே அதற்குப் போதும். துறைமுகமும் சந்தையும் இருக்குமிடமெல்லாம் அது பரவிற்று. 1940-களில் சிங்கப்பூரிலும் காணப்பட்டது. அதன்பின் நகரம் வளர்ந்த அளவிற்குக் காக்கையும் பெருகியது.

நகர வளர்ச்சியின் தன்மையைச் சிராங்கூன் சாலை வட்டாரத்தைக் கொண்டு அறியலாம். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் இப்பகுதி ஒருகாலத்தில் கால்நடைத் தொழிலின் நிலையம். எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும், எருமையின் பெயர் தாங்கிய பஃபலோ சாலையும் அதற்குச் சான்று. 1930-களில் கால்நடைத் தொழில் இங்கிருந்து அகன்றது. 1915இல் எழுந்த பழைய சந்தையின் வாணிகம், 1982இல் இப்போதைய தேக்கா நிலையத்திற்கு மாறியது. 1971 முதல் 1986 வரை தெருவோர உணவுக் கடைகள் யாவும் உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. இவை யாவும் தூய்மைக்கான நன்முயற்சிகளே. எனினும் ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் உண்டு எழும் இடத்தில், தட்டு அகற்றப்படாத சிறிது நேரமே காக்கைக்குப் போதுமானது.

சாலையோரம் நிழலுக்காக நடப்பட்ட மரங்கள் அதற்குக் கூடு கட்ட இடமளித்தன. உணவும் உறைவிடமும் ஒருங்கே கிடைத்த உயிர் பெருகாதிருக்குமோ? 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இத்தீவின் ஊர்க்காக்கைகள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை என மதிப்பிட்டது.

காற்றுத் துப்பாக்கியும் அதனைத் தெரிந்தெடுக்கும் முறையும்

வழக்கில் ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகத் தோன்றியதன்று. 1780ஐ ஒட்டி ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்டது. வெடிமருந்தின் புகையின்றி அடுத்தடுத்துப் பல குண்டுகளை அது சுடும். 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய்ந்த லூயிஸ்–கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன்கொண்டு சென்றனர். அதன்பின் 1880-களில் அமெரிக்காவில் காற்றாடி செய்த நிறுவனமொன்று, தன்னிடம் வாங்கிய உழவர்க்கு இலவசமாகக் கொடுத்த டெய்சி என்னும் சிறு துப்பாக்கி, காற்றாடியைவிடப் புகழ்பெற்றது. 1905இல் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் காற்றுத் துப்பாக்கி செய்யத் தொடங்கியது. இவ்வாறு படைக்கலமாக இருந்தது கொல்லைப்புறக் கருவியாக மாறியது.

அனுமதிக்கப்படும் நாடுகளில் முதன்முறை வாங்குவோர் சில கூறுகளை நோக்குவர். முதலாவது, இயங்கும் முறை. சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கி மலிவானது; குழலை மடித்து வில்லை இறுக்கினாற் போதும்; வேறு துணைக்கருவி வேண்டா. முன்னரே அழுத்தி அடைத்த காற்றால் இயங்குவது அதிர்வு குறைந்தது, குறி தப்பாதது, ஆயின் அதற்குக் காற்றடைக்கும் கருவியும் தேவையாதலின் செலவு மிகும். இரண்டாவது, குழலின் விட்டம். 4.5 மில்லிமீட்டர்க் குண்டு மலிவானது, நேராகச் செல்வது, 5.5 மில்லிமீட்டர்க் குண்டு எடை மிகுந்தது, தாக்கும் வலியும் மிகுந்தது. மூன்றாவது, ஆற்றல். இங்கிலாந்தில் ஏறத்தாழ 16 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. ஸ்காட்லாந்திலோ 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதற்கும் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 ஜூல் என்னும் எல்லையை வகுத்துள்ளன.

நான்காவது கூறே அனைத்தினும் தலையாயது. அது துப்பாக்கியைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. சிறு பறவையையோ எலியையோ துன்புறுத்தாமல் உடனே கொல்லக்கூடிய தொலைவு சில பத்து மீட்டர் மட்டுமே. குறி தவறிய ஈயக்குண்டோ சில நூறு மீட்டர் செல்லவல்லது. ஆகவே குறிக்குப் பின்னால் குண்டைத் தாங்கி நிறுத்தும் மண்மேடோ சுவரோ இல்லாவிடில், எத்துணை நல்ல துப்பாக்கியாயினும் அது தீங்கே பயக்கும். மரக்கிளையில் இருக்கும் பறவைக்குப் பின்னால் வானம் ஒன்றுதான் உண்டு. குறைப்பட்டுப் பறந்த பறவை எங்கோ கிடந்து சாகும். அதன் உடலிலுள்ள ஈயம் அதனைத் தின்னும் மற்றோர் உயிருக்கு நஞ்சாகும்.

சிங்கப்பூரின் சட்டம்

இந்நான்காம் கூற்றைச் சிங்கப்பூரோடு பொருத்திப் பார்ப்பின் விடை தெளிவாகும். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அறுபது லட்சம் பேர் வாழ்கின்றனர். மக்களுள் மிகப் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். இங்கே ஒருவருடைய சன்னலுக்கு எதிரே மற்றொருவருடைய சன்னல் இருக்கிறது. கம்பத்து வீடுகளுக்கு இருந்த கொல்லை, அடுக்குமாடி வீட்டிற்கு இல்லை.

சட்டமும் அதற்கேற்பவே அமைந்தது. 1913ஆம் ஆண்டு ஆயுத, வெடிபொருள் சட்டம் ஆயுதங்களுக்கு உரிமம் வேண்டும் என விதித்தது. துப்பாக்கிக் கொள்ளைகளும் ஆட்கடத்தலும் அச்சுறுத்திய காலத்தில், 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டம் கடுந்தண்டனைகளோடு இயற்றப்பட்டது. ஆயுதம் என்பதற்கு அச்சட்டம் கூறும் வரையறையில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். உரிமமின்றி வைத்திருப்பவர்க்குச் சிறையும் பிரம்படியும் உண்டு. 2021ஆம் ஆண்டில் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கெனப் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டது. பிற நாட்டில் பதின்வயதுச் சிறுவனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கப்படும் பொருள், இங்கே குற்ற வழக்கிற்குரிய பொருளாக இருப்பதன் காரணம் இதுவே.

இதனால் துப்பாக்கிப் பயிற்சியே இந்நாட்டில் இல்லை என்று கருதலாகாது. 1984ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் 10 மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சிங்கப்பூர் வீராங்கனைகள் பெயர் பெற்றுள்ளனர். 2018ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளில் மார்ட்டினா வெலோசோ தங்கம் வென்றார். பயிற்சிக் கூடத்தில், மேற்பார்வையில், அட்டைக் குறியை நோக்கிச் சுடும் கலை இங்கே போற்றப்படுகிறது. தனியொருவர் தம் விருப்பத்தால் ஓர் உயிரை நோக்கிச் சுடுவதே விலக்கப்படுகிறது.

சுட்டதும் சுடாததும்

உயிர்களைப் பொறுத்தும் சட்டம் உண்டு. 1884ஆம் ஆண்டிலேயே நீரிணைக் குடியேற்றங்களில் காட்டுப் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் பறவைகளைக் கொல்வதைத் தடை செய்தபோது, ஊர்க்காக்கை, மாடப்புறா, இருவகை மைனா உள்ளிட்ட ஆறு பறவையினங்கள் மட்டும் அப்பாதுகாப்பிற்குப் புறம்பாக வைக்கப்பட்டன. எனினும் அவற்றைச் சுடும் உரிமை குடிமக்களுக்குக் கிட்டவில்லை. அரசாங்கமே அப்பணியை மேற்கொண்டது. 1970-களிலிருந்து பல்லாண்டுகள் காக்கைகள் சுடப்பட்டன. சிங்கப்பூர் கன் கிளப் உறுப்பினர்கள், அதிகாரிகளின் ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் சுட்டனர். புலி வேட்டைக்குப் பரிசு அறிவித்த அரசு எவர் கையிலும் துப்பாக்கியை அனுமதித்தது. காக்கையைச் சுட்ட அரசு பயிற்சி பெற்ற சிலர் கையில் மட்டுமே அதனை அனுமதித்தது. இருநூற்றாண்டு வரலாற்றின் மாற்றம் இதில் அடங்கியுள்ளது.

காக்கைத் தொகை குறைந்தது உண்மை. ஆனால் அத்துணைக் கட்டுப்பாட்டிலும் ஆபத்து நீங்கவில்லை. 2020ஆம் ஆண்டில் காக்கை சுடும் பணியின்போது ஒருவர் காயமுற, அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது. தேர்ந்தவர் கையிலேயே இத்தகைய விபத்து நேருமாயின், முதன்முறை துப்பாக்கி பிடிப்பவர் கையில் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிஷான் வட்டாரத்தில் காக்கைகள் வழிப்போக்கரின் தலையைத் தாக்கிய செய்தி பரவியது. தேசியப் பூங்காக் கழகம் கூடுகளை அகற்றுதல், மரக்கிளைகளைக் கழித்தல், பொறி வைத்துப் பிடித்தல், உணவு கிடைக்கும் வழியை அடைத்தல் ஆகிய முறைகளைக் கையாள்கிறது. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே வேரில் கைவைப்பது. உணவு குறையாதவரை, கொல்லப்பட்ட பறவையின் இடத்தை அடுத்த குஞ்சு நிரப்பும். குப்பைத்தொட்டியின் மூடி செய்யும் வேலையைத் துப்பாக்கி செய்யாது.

இயற்கையும் தன் பங்கிற்கு ஒன்று செய்தது. முன்பு அரிய வலசைப் பறவையாக மட்டும் இங்கு வந்துபோன குயில், காக்கை பெருகிய பின்னர் 1980-களில் இங்கேயே தங்கி இனம்பெருக்கத் தொடங்கியது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் அதன் இயல்பைத் தமிழர் நன்கறிவர். காக்கையால் வந்த குயிலின் வைகறைக் கூவலே பின்னர்ச் சில குடியிருப்பாளருக்குத் தொல்லையாயிற்று. ஒரு தொல்லையைத் தீர்க்கப் புகுந்தால் மற்றொன்று பிறக்கும் என்பதற்கு இதுவும் சான்று.

தமிழர்க்கு எழும் வினா

தமிழர்க்குக் காக்கை வெறும் தொல்லையுயிரன்று. விருந்து வரக் கரையும் காக்கையைப் பாடியதனாலேயே சங்கப் புலவர் நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். கிடைத்ததை மறைக்காது இனத்தை அழைத்து உண்ணும் அதன் பண்பை வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாக்கினார். முன்னோரை நினைந்து காக்கைக்குச் சோறிட்டபின் உண்ணும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு.

ஆனால் 2020ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று வனவிலங்குச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்ற சட்டம், காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவிடுவதைத் தடை செய்கிறது. மீறுவோர்க்கு ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விதிக்க இடந்தருகிறது. மரபு ஒருபுறமும் சட்டம் மறுபுறமும் நிற்கும் இந்நிலையை மாணாக்கர்க்கு விளக்குவது ஆசிரியர்க்கு எளிதன்று. மரபைப் பழித்தாலும் பிழை. சட்டத்தை இகழ்ந்தாலும் பிழை. வயலும் தோப்பும் சூழ்ந்த ஊரில், கூரைமேல் வைத்த ஒரு பிடி சோறு அன்றே உண்ணப்பட்டு மறைந்தது. அடுக்குமாடியின் கீழே கொட்டப்படும் சோறு எலியையும் புறாவையும் வளர்க்கிறது. அதன் விளைவாக உயிர்க்கொலையே நேருகிறது. இரக்கத்தால் இட்ட சோறு, பறவையைப் பொறிக்கும் துப்பாக்கிக்கும் இட்டுச் செல்லுமாயின், உணவிடாமையே அவ்வுயிர்க்குச் செய்யும் இரக்கமாகும்.

இவ்வகை எண்ணம் பிற இடங்களிலும் வளர்ந்துவருகிறது. இந்தியாவில் காக்கையைத் தீங்குயிராகக் குறித்திருந்த சட்டப் பட்டியலே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அருணாசலப் பிரதேசத்தில் 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கிழக்கு காமெங் மாவட்டத்தில் ஓர் இயக்கம் தொடங்கப்பெற்றது. பறவை வேட்டைக்கென வீடுதோறும் வைத்திருந்த காற்றுத் துப்பாக்கிகளை மக்கள் தாமே முன்வந்து ஒப்படைத்தனர். அவ்வாறு வந்தவை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. குருவியின் குரல் கேட்காத காடு தம் பிள்ளைகளுக்கு வேண்டா என்ற உணர்வே அதற்குக் காரணமாயிற்று.

வரலாறு காட்டும் வழி

சிங்கப்பூரின் வரலாற்றில் புலியும் காக்கையும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. புலிக்கு மறைவிடம் தந்தது கைவிடப்பட்ட தோட்டம். காக்கைக்கு உணவு தந்தது கவனிக்கப்படாத தட்டு. இரண்டிலும் முதற்காரணம் மனிதர் செயல். துப்பாக்கி இரண்டையும் குறைத்ததேயன்றிக் காரணத்தைத் தொடவில்லை. காரணம் மாறிய பின்னரே தொல்லை தணிந்தது.

எனவே முதல் துப்பாக்கியாக எதனை வாங்கலாம் என்று பிற நாட்டார் வினவும் இடத்தில், இந்நாட்டு மாணாக்கர் வேறு மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும். இவ்வுயிர் இங்கு ஏன் வந்தது? எதனை உண்டு வாழ்கிறது? அவ்வுணவை அதற்கு இடுபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கண்டு, உண்ட தட்டைத் தாமே எடுத்துவைத்து, குப்பையைக் கட்டி மூடியிடும் சிறுவன், காலங்காலமாகத் துப்பாக்கி ஏந்தியோர் செய்ய முயன்ற பணியைக் குருதி சிந்தாமல் செய்தவனாகிறான். அப்பழக்கத்தை ஊட்டும் இடம் வீடும் பள்ளியுமே.